மூணுக்கு ரெண்டு

மண் ஆய்வுப் படிவத்தில், கல் நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கட்டத்தில், நான் எழுதிய எண் 30. குழியோரம் உட்கார்ந்து, அட்டையை முழங்காலில் வைத்து, மழை இறங்குவதற்குள் எழுதி முடித்தேன். ஆறு வருடம் ஆகிவிட்டது. இன்றும் ஏதாவது மண் அறிக்கையில் கல்லின் அளவு என்ற கட்டத்தைப் பார்த்தால் அந்த மத்தியானம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கோவிலூருக்கு மேலே புல்மேட்டில் அன்றைக்கு அது மூன்றாவது குழி. தோண்டியவர் ஊர்ப் பெரியவர், எழுபதை நெருங்கியவர். புல்லை வேரோடு பாளம் பாளமாக வெட்டி ஒரு பக்கம் அடுக்கினார். மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். நான் சொல்லிச் செய்ததல்ல, திரும்ப மூடும்போது வசதி என்று அவராகவே பிரித்துப் போட்டது. மேலே ஒன்றரைச் சாணுக்குக் கருமண். விரலில் நனைத்து நிறப்புத்தகத்தோடு வைத்துப் பார்த்தால் கறுப்பை ஒட்டிய பழுப்பு. அந்தக் குளிரில் புல்வேர் மட்குவது மெதுவாகத்தான் நடக்கும், வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும், அதனால் வரும் கறுப்பு அது. அதற்குக் கீழே மஞ்சள் பாய்ந்த பழுப்பு மண், அது முழுக்க உருட்டுக்கல்.

உருட்டுக்கல் என்று நாங்கள் குறிப்பது 75 மில்லிமீட்டருக்கு மேல், 250க்குள். ஆரஞ்சுப் பழத்திலிருந்து நடுத்தரப் பூசணிக்காய் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒரு கல்லை நெம்பி எடுத்தார். அது இருந்த பள்ளத்தில் வெள்ளை வேர்கள் நெருக்கமாகப் பின்னி, கல்லின் வடிவத்திலேயே ஒரு கூடு மாதிரி நின்றன. கல்லின் அடிப்பக்கம் ஈரம். சுற்றியிருந்த மண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக அந்தப் பக்கம் மழை இல்லை. அந்தப் புல் எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

குழியின் சுவரைப் பார்த்துக் கல் எத்தனை பங்கு என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். உதவிக்குக் கறுப்புப் புள்ளிகள் அச்சடித்த ஒரு அட்டை உண்டு. அதைச் சுவரோரம் பிடித்துக்கொண்டு நான் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

"என்ன சார் அப்பிடிப் பாக்குறீங்க?"

"கல்லு எவ்வளவு இருக்கும்னு பாக்குறேன்யா."

"அதுக்கு ஏன் செவுத்தப் பாக்குறீங்க? கூடையில அள்ளித்தானே போட்டேன். மூணு கூடை மண்ணுக்கு ரெண்டு கூடை கல்லு. எழுதிக்கங்க."

அப்படியானால் ஐந்தில் இரண்டு, அதாவது நூற்றுக்கு 40.

அந்த நேரத்தில்தான் என் மேலதிகாரி மேடம் போன் செய்தார். மூன்றாவது குழி முடிந்ததா என்று கேட்டார். கல் அதிகமாக இருக்கிறது என்றேன். "முப்பத்தஞ்சைத் தாண்டுதா? நல்லாப் பாத்துட்டு எழுதுங்க. தாண்டினா அந்தச் சரிவு முழுக்க மறுபடி பாக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். குறைத்து எழுது என்று சொல்லவில்லை. ஆறு வருடமாக அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒரு இடத்திலும் அப்படிச் சொல்லவில்லை. நல்லாப் பார்க்கத்தான் சொன்னார். நான் நல்லாப் பார்த்தேன், 30 தெரிந்தது.

35 என்பது எங்கள் தொழிலில் ஒரு வரப்பு. கன அளவில் 15 முதல் 35 வரை இருந்தால் 'உருட்டுக்கல் மண்'. 35 முதல் 60 வரை 'மிகுந்த உருட்டுக்கல் மண்'. அந்த வரப்பைத் தாண்டினால் வகைப்பாட்டில் 'ஸ்கெலிட்டல்' என்று ஒரு அடைமொழி ஏறிக்கொள்ளும். எலும்புக்கூடு என்ற சொல்லிலிருந்து வந்தது. சதை குறைந்து எலும்பு தெரியும் மண் என்று பொருள் கொள்ளலாம். ஒரு மீட்டர் ஆழம் என்று எழுதியிருந்தாலும், 40 பங்கு கல் என்றால் அதில் மண் 60 சென்டிமீட்டருக்குத்தான் இருக்கிறது.

ஆய்வுக்கூடம் இதைக் காட்டிக்கொடுக்காது. அங்கே மண்ணை உலர்த்தி, இடித்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பார்கள். சல்லடையில் நிற்பது ஒதுக்கப்படும், கீழே விழுவதற்குத்தான் சோதனை. அறிக்கையில் கரிமம் 5 சதவீதம் என்று வந்தால் அது சலித்த மண்ணின் கணக்கு, மலையின் கணக்கு இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் மண் 0.9 கிராம் என்றால், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 135 டன் கரிமம் என்று காட்டும். 30 பங்கு கல்லைக் கழித்தால் 94.5. 40 கழித்தால் 81. இடையில் உள்ள பதின்மூன்றரை டன், குழியோரம் உட்கார்ந்து எழுதுகிறவன் கையில் இருக்கிறது.

பிற்பாடு வீட்டில் உட்கார்ந்து கூடைக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். தோண்டிய மண் பொலபொலவென்று உப்பும், நாலில் ஒரு பங்காவது கூடும். அப்போது மூன்று கூடை மண் தரைக்குள் இருந்தபோது 2.4 கூடைதான். கூடையில் போட்ட கல்லுக்கு நடுவே சந்து நிறைய. ஐந்தில் இரண்டு பங்கு காற்று என்று வைத்தால் இரண்டு கூடைக் கல் 1.2 கூடைக்குத்தான் வரும். கூட்டி வகுத்தால் 33. வரப்புக்கு இந்தப் பக்கம்! அன்று இரவு எனக்குப் பெரிய நிம்மதி. பெரியவர் சொன்னதும் சரி, நான் எழுதியதும் கிட்டத்தட்டச் சரி.

ஆனால் கல் நடுவே காற்று 40 பங்கு இல்லாமல் 35 பங்கு என்றால் அதே கணக்கு 35ஐத் தொட்டுவிடுகிறது. எந்த எண்ணை நான் முதலில் போட்டுப் பார்த்தேன் என்பதை யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. தவிர, இந்தக் கணக்கையெல்லாம் நான் போட்டது எழுதிய பிறகு. எழுதும்போது மனதில் இருந்தது மறுபடி பார்க்க வேண்டிய சரிவும், கோவிலூரில் காத்திருந்த ஜீப்பும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை மேடத்திடம் சொன்னதே இல்லை. அந்தக் குழியை முதலில் தொடங்கியது பத்தடி மேலே. கடப்பாரை இரண்டு முறை 'ணங்'கென்று கேட்டதும், "இங்க எறங்காது சார், தள்ளிப் போவோம்" என்றார் பெரியவர். போனோம். எல்லாக் குழியிலும் அப்படித்தான் செய்வோம், தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. கடப்பாரை இறங்காத இடம் படிவத்தில் ஏறுவதே இல்லை. கடப்பாரை இறங்கிய இடங்களை வைத்துத்தான் வரைபடத்தில் மலை முழுவதற்கும் நிறம் பூசுகிறோம். அப்படியானால் 30ஆ 40ஆ என்று நான் இத்தனை நாள் புரண்டது, பத்தடி தள்ளி வந்தபோதே முடிந்துபோன விஷயமோ என்றும் தோன்றுகிறது. அது ஆறுதலா, இன்னும் பெரிய தப்பா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வரைபடத்தில் அந்தச் சரிவு 'ஆழமான மண், மரத்துக்கு ஏற்றது' என்று வந்தது. இரண்டு வருடம் கழித்து அதன் கீழ்ப்பாதியில் மரக்கன்றுக்குக் குழி எடுத்தார்கள். என் ஒரு கட்டத்தை வைத்து யாரும் மரம் நடுவதில்லை, அதற்கு வேறு பல காரணங்கள் இருக்கும். ஆனாலும் எங்கள் மலையில் வாட்டில் மரமும் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரமும் ஏறிய புல்மேடுகள் என்ன ஆயின என்று பார்த்து வளர்ந்தவன் நான். புல் குடிப்பதைவிட மரம் அதிகம் குடிக்கும். அந்தச் சரிவுக்குக் கீழே உள்ள ஓடையில்தான் வெள்ளைப்பூண்டுக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள்.

போன வருடம் வேறு வேலையாகப் போனபோது மேலே ஏறிப் பார்த்தேன். எங்கள் குழி மேல்பாதியில், கன்று வைக்காத பக்கம். பெரியவர் கல்லைக் கீழே போட்டு, மண்ணை மேலே போட்டு, புல்பாளத்தைப் பழையபடி பொருத்தியிருந்தார். இடம் தெரியாதபடி மூடியிருந்தது. குழிக்குள் திரும்பப் போகாத கல் மட்டும் ஓரமாகக் குவிந்து கிடந்தது, நடுவே போதப்புல் முளைத்து. குனிந்து எண்ணினேன். இருபத்திரண்டு. ஒன்றைப் புரட்டினேன். அடியில் ஈரமாக இருந்தது. இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டு இறங்கினேன்.