பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: எங்கெங்கே முரண்டு பிடிக்கிறது, ஏன்

இயந்திரம்: இன்டெல் கோர் ஐ3-4005யு, 4 ஜிபி ரேம், 5400 ஆர்பிஎம் வேகத்தில் சுற்றும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், பிராட்காம் பிசிஎம்43142 வைஃபை. போட்டது: லினக்ஸ் மின்ட் 22.1 (விண்டோஸ் போல ஒரு இலவச இயங்குதளம்), எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு, கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 6.8. விண்டோஸ் 10 அழிக்கப்படவில்லை, பக்கத்திலேயே இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நான்காம் தலைமுறைச் சிப்புக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலி இடம் விட்டு, பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் மீதியை இன்ஸ்டாலர் பார்த்துக்கொள்கிறது. தொல்லை எல்லாம் அதற்குப் பிறகுதான். அதிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது: கோளாறு ஒரு இடத்தில் தெரியும், வேர் வேறு இடத்தில் இருக்கும். தெரிகிற இடத்திலேயே நோண்டிக்கொண்டிருந்தால் பொழுது போகும், வேலை ஆகாது.

வைஃபை

முதல் பூட்டில் வைஃபை பட்டியலே வராது. இந்தச் சிப்புக்கான டபிள்யூஎல் டிரைவர் கெர்னலுக்குள் இல்லை, தனிப் பொதியாக இருக்கிறது. அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு அது வேண்டும். வெளியேற இரண்டு வழி. ஃபோனை யூஎஸ்பி கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டால் உடனே வயர்டு இணைப்பாகத் தெரியும். எந்த டிரைவரும் கேட்காது. அல்லது நிறுவிய அதே பென் டிரைவைச் செருகிவிட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தால், அதிலிருந்தே எடுத்துக்கொள்ள மவுன்ட் பொத்தான் வரும்.

இதற்குப் பிறகும் வைஃபை வராவிட்டால் செக்யூர் பூட்டைப் பாருங்கள்; நம்பகமான கையெழுத்து இல்லாத மென்பொருளை ஏற விடாத பாதுகாப்பு அது. பிராட்காம் டிரைவர் நம் கணினியிலேயே கம்பைல் ஆகும் மாட்யூல், அதாவது கெர்னலோடு சேரும் துண்டு. அதற்கு இடப்படும் கையெழுத்தைக் கெர்னல் ஏற்க வேண்டும்; அதற்கு அந்தக் கையெழுத்துக்கான சாவியை (எம்ஓகே) நாம் பதிய வேண்டும். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் எம்ஓகே மேனேஜ்மென்ட் என்ற நீலத் திரை வரும். அதில் என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, எஸ், அதே பாஸ்வேர்டு. அந்தத் திரை சில நொடிகள்தான் நிற்கும். ஏதாவது ஒரு கீயை அழுத்தாவிட்டால் தானே போய்விடும். கணினி வழக்கம்போல் பூட் ஆகும், டிரைவர் போட்டதாகவே காட்டும், ஆனால் மாட்யூல் ஏறியிருக்காது. எம்ஓகேயூட்டில் கட்டளையை இம்போர்ட் விருப்பத்தோடு, வார் அடைவுக்குள் லிப், அதற்குள் ஷிம்-சைன்ட், அதற்குள் எம்ஓகே அடைவில் இருக்கும் டிஇஆர் கோப்பைக் காட்டி ஓட்டினால் நீலத் திரை மறுபடி வரும்.

புதுக் கெர்னல் வரும்போது இந்த டிரைவர் கம்பைல் ஆகாமல் போவது உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் 6.8-ஐ அப்டேட் மேனேஜரில் நீக்காமல் வைத்திருப்பது நல்லது.

விண்டோஸ் விட்டுச்செல்வது

டி டிரைவ் திறக்கும், படிக்கலாம், எழுத முடியாது. சிலசமயம் திறக்கவே மறுக்கும். லினக்ஸில் அனுமதி மாற்றிப் பயனில்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியில் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் அல்ல. கெர்னல் நிலையை டிஸ்கில் எழுதிவிட்டு உறங்கப் போவது. உறங்குகிறவனின் டிரைவில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால் லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. விண்டோஸில் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேட்டை அணைத்து, ஒருமுறை ஷட் டவுன் செய்தால் தீர்ந்தது. அவசரத்துக்கு விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வரலாம். ரீஸ்டார்ட் மட்டும் முழுதாக மூடுகிறது. ஹைபர்னேட் கோப்பை லினக்ஸிலிருந்தே அழிக்கும் ஒரு மவுன்ட் விருப்பமும் இருக்கிறது. சேமிக்காத வேலை போகும் என்பதால் அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

விண்டோஸில் நேரம் ஐந்தரை மணி பின்னால் போவதும் இதே ரகம். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யூடிசி (உலகப் பொது) நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வித்தியாசம் சரியாக 5:30 மணி. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி என்பதற்கு 1 கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். இப்படிச் செய்யாதே என்று அந்தக் கட்டளையே எச்சரிக்கும். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளுக்குத்தான் அந்தக் கவலை. நமக்கு அந்த வழக்கமே இல்லை.

புளூடூத் ஹெட்செட்டும் அப்படித்தான். விண்டோஸுக்குப் போய்வந்தால் லினக்ஸில் இணையாது, திரும்பப் பேர் செய்ய வேண்டும். அடாப்டரின் முகவரி ஒன்று, இரண்டு இயங்குதளமும் வைத்திருக்கும் ரகசியச் சாவி வேறு வேறு. ஹெட்செட் கடைசியாகப் பேசிய சாவியை மட்டும் நினைவில் வைக்கிறது. மீட்டிங்கில் மைக் திறந்ததும் பாட்டுத் தரம் தகர டப்பாவாக மாறுவது வேறு விஷயம். ஏ2டிபி சுயவிவரத்தில் ஒலி நன்றாக இருக்கும், மைக் கிடையாது. மைக் வேண்டுமென்றால் ஹெச்எஃப்பி. அதில் ஒலி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மோனோ. பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோலைப் போட்டு, கான்ஃபிகரேஷன் தாவலில் ஹெட்செட்டை ஏ2டிபியில் நிறுத்தி, மைக்குக்கு லேப்டாப்பினுடையதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் கிடைக்கும்.

தமிழ்த் தட்டச்சு

இங்கேதான் நிறையப் பேர் மனம் வெறுத்துப் போகிறார்கள். கீபோர்டு அமைப்பில் போய்த் தேடினால் தமிழ்நெட் 99 என்று ஒரு தளவமைப்பு இருக்கத்தான் செய்கிறது. சேர்த்துத் தட்டினால் எழுத்து வரும், தமிழ்99 (பரவலாகப் புழங்கும் தட்டச்சு முறை) வராது. காரணம், அது எக்ஸ்கேபி தளவமைப்பு. ஒரு கீக்கு ஒரு குறி என்பதோடு அதன் வேலை முடிந்தது. முன்னால் என்ன தட்டினோம் என்பது அதற்குத் தெரியாது. தமிழ்99-இன் உயிரே முன்னால் தட்டியதை நினைவில் வைப்பதுதான். ‘அம்மா’ எழுத ஏ, கே, கே, க்யூ. இரண்டாவது கே விழுந்ததும் முதல் ம தானே புள்ளி வாங்கிக்கொள்ள வேண்டும். க்யூவில் இருக்கும் ஆ, தனியாக நிற்காமல் மகரத்தோடு ஒட்டிக் காலாக வேண்டும். பி, ஹெச் அடுத்தடுத்துத் தட்டினால் ‘ங்க’ வர வேண்டும்.

இதைச் செய்வது ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும் மொழி விதிகளைத் தரும் எம்17என் பொதியும். ஆப்ட் என்ற பொதி நிறுவும் கட்டளையில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் போடுங்கள். மின்ட் மெனுவில் இன்புட் மெத்தட் என்ற ஜன்னலைத் திறந்து ஃப்ரேம்வொர்க்காக ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். இந்தப் படியைத் தாண்டினால் சில செயலிகளில் மட்டும் தமிழ் வரும், சிலவற்றில் வராது. எந்த உள்ளீட்டு முறை என்பதைச் செயலிகள் லாகின் நேரத்துச் சூழல் மாறிகளிலிருந்துதான் தெரிந்துகொள்கின்றன. பிறகு ஐபஸ் பிரிஃபரன்சஸில் ஆட், தமிழ், டமில்99. பாமினி, தட்டச்சுப் பொறி வழி வந்த இலங்கைக்காரர்கள் அதே பட்டியலில் ரங்கநாதன் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். எஸ்எல்எஸ் 1326:2008 தரம் அதுதான். ஒலிபெயர்ப்பு விரும்பிகளுக்கு ஃபொனெடிக்கும் இருக்கிறது.

பழக்கத்தில் இடறும் ஒரு நுணுக்கம்: கடைசி எழுத்தின் கீழே மெல்லிய கோடு இருக்கும் வரை அது இன்னும் ஐபஸ் கையில்தான் இருக்கிறது, செயலிக்குப் போகவில்லை. அடுத்து ஒரு உயிர் வருமோ என்று காத்திருக்கிறது. அந்த நேரத்தில் மவுஸை வேறிடத்தில் கிளிக் செய்தால் சில செயலிகளில் அந்த எழுத்து தொலையும், அல்லது புது இடத்தில் போய் விழும். ஸ்பேஸையோ அம்புக்குறியையோ தட்டிவிட்டு மவுஸைத் தொடுவது நல்லது. தட்டத் தட்டத் தமிழ் திடீரென்று நின்றுபோனால் ரீஸ்டார்ட் வேண்டாம்; டெர்மினலில் ஐபஸ் ரீஸ்டார்ட் என்ற கட்டளை போதும்.

எழுத்துரு

மற்றவர்கள் அனுப்பும் வேர்டு கோப்பு லதா என்ற விண்டோஸ் தமிழ் எழுத்துருவில் இருக்கும். திறந்தால் நான்கு பக்கம் ஐந்தாகியிருக்கும், அட்டவணை வழிந்திருக்கும். மின்ட்டில் வேர்டுக்குப் பதில் இருக்கும் லிப்ரே ஆபீஸைத் திட்ட வேண்டாம், லதா இங்கே இல்லை. மைக்ரோசாஃப்ட் எழுத்துருப் பொதியைப் போட்டாலும் ஏரியல், டைம்ஸ் எல்லாம் வருமே தவிர அது வராது. விண்டோஸ் 10-இலேயே லதா கூடுதல் தமிழ் எழுத்துருக்களில் ஒன்றாகத்தான் இருக்கிறது; தமிழ் சேர்க்காத விண்டோஸிலும் இதே கதை. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபீஸ், ஃபான்ட்ஸ் போய் மாற்று அட்டவணையில் லதாவுக்குப் பதில் நோட்டோ சான்ஸ் டமில் என்று எழுதி, ஆல்வேஸ் என்பதை டிக் செய்தால் தோற்றம் ஒழுங்காகும். பக்க எண்ணிக்கை அப்போதும் ஒத்துவராது, வரி உயரம் வேறு. பக்கம் முக்கியமென்றால் பிடிஎஃப் கேளுங்கள்.

தமிழ் வரியில் கர்சரை வைத்தால் எழுத்துருப் பெட்டியில் பெரும்பாலும் ஏதோ ஒரு தேவநாகரி எழுத்துருவின் பெயர் நிற்பதும் பலரைக் குழப்புகிறது. லிப்ரே ஆபீஸில் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, சிக்கல் வரிவடிவங்களுக்கு வேறொன்று. தமிழ் இரண்டாவதில் சேர்த்தி. ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்து, மொழி தமிழ் என்று கொடுத்து, ஸ்டைலில் அந்த இரண்டாவது பெட்டியை மாற்றினால் நிலைக்கும். மேலே கருவிப்பட்டையில் மாற்றுவது அந்தத் தேர்வுக்கு மட்டும்.

பாமினி, வானவில் என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் வேறு வகை. எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை ஹோம் அடைவுக்குள் பெயர் புள்ளியில் தொடங்கும் ஃபான்ட்ஸ் அடைவில் (.fonts) போட்டு எஃப்சி-கேச் ஓட்டினால் படிக்கலாம். தேட வேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

உறையும் திரை

4 ஜிபியில் பிரவுசர் டேப் ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மவுஸ் தத்தித் தத்தி நகரும், பிறகு நிற்கும். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். லினக்ஸ் தொங்கிவிட்டது என்று பவர் பொத்தானை அழுத்துகிறவர்கள் அதிகம். தொங்கவில்லை, ரேமில் இடம் இல்லாமல் பக்கங்களை (நினைவகத் துண்டுகளை) டிஸ்கில் இருக்கும் ஸ்வாப் என்ற இடத்துக்கும் ரேமுக்கும் மாற்றி மாற்றிக் கடத்துகிறது. சுற்றும் டிஸ்கில் அது நிமிடக் கணக்கில் போகும். பெரிய புரோகிராமைக் கொல்லும் வேலை கெர்னலுக்கு உண்டு, ஆனால் ரொம்பத் தாமதமாகத்தான் விழிக்கும்.

செய்தது மூன்று. ஒன்று, ஜீரேம்-டூல்ஸ் பொதி. ஈடிசி அடைவுக்குள் டிஃபால்ட் அடைவில் ஜீரேம்ஸ்வாப் கோப்பில் அல்கோ என்பதை இசட்எஸ்டிடி ஆக்கி, பெர்சன்ட் 50. ரேமின் ஒரு பகுதியே சுருக்கப்பட்ட ஸ்வாப் ஆகிறது, டிஸ்கைத் தொடாது. இரண்டு, இயர்லிஊம். ரேமும் ஸ்வாப்பும் இரண்டுமே 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதிகம் தின்னும் புரோகிராமை மூடும். ‘இரண்டுமே’ என்பதைக் கவனியுங்கள். இன்ஸ்டாலர் போட்ட 2 ஜிபி ஸ்வாப்ஃபைல் டிஸ்கில் அப்படியே இருந்தால், அது நிரம்பும் வரை இயர்லிஊம் வேடிக்கை பார்க்கும், அதற்குள் திரை உறைந்திருக்கும். அதனால் மூன்றாவது: ஸ்வாப்ஆஃப் செய்து, பூட்டில் எவற்றை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஸ்வாப்ஃபைல் வரிக்கு முன் ஹாஷ் குறி. இப்போது டேப் ஒன்று செத்துப்போகும், திரை உயிரோடு இருக்கும்.

கடைசி ஆயுதம் ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன், எஃப். கெர்னலையே கூப்பிட்டு ஒன்றைக் கொல்லச் சொல்வது. மின்ட்டும் அதன் அடிப்படையான உபுண்டுவும் சிஸ்ஆர்கியூ (இந்த அவசரக் கீகளில் எவை செல்லும் என்ற அமைப்பு) மதிப்பை 176 என்று வைத்திருப்பதால் இது வேலை செய்யாது. கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் 240 ஆக்கினால் செய்யும்.

பென் டிரைவ் தொல்லையும் ரேம் சம்பந்தப்பட்டதுதான். 1 ஜிபி படத்தை காப்பி செய்தால் பட்டை பாதி தூரம் பறந்துபோய் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும், அல்லது முடிந்ததாகக் காட்டிவிட்டு வெளியேற்றும்போது இழுக்கும். டேட்டா முதலில் ரேமில் குவிகிறது. அதைத்தான் பட்டை அளக்கிறது. நம்பிப் பிடுங்கினால் கோப்பு அரைகுறை. சிஸ்சிடிஎல் டி அடைவில் ஒரு கோப்பு வைத்து விஎம் டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸை 16777216, விஎம் டர்ட்டி பைட்ஸை 50331648 என்று கொடுத்தால் குவியல் 48 எம்பியோடு நிற்கும். பட்டை மெதுவாகப் போகும், உண்மையைச் சொல்லும்.

வீடியோ, பிரின்டர்

யூடியூபில் ஃபேன் அலறினால் கோடெக்கை, அதாவது வீடியோ சுருக்கப்பட்டிருக்கும் முறையைப் பாருங்கள். தளம் விபி9 அல்லது ஏவி1 அனுப்புகிறது. யூடியூப் தருபவற்றில் நான்காம் தலைமுறை இன்டெல் சிப் ஹெச்.264-ஐ மட்டும்தான் வன்பொருளில் சுளுவாகப் பிரிக்கும். மற்றதெல்லாம் சிபியூ தலையில். யூடியூபை ஹெச்.264 அனுப்ப வைக்கும் ஹெச்264ஐஃபை பிரவுசர் நீட்சியைப் போட்டு, வன்பொருளில் பிரிக்க உதவும் ஐ965 விஏ டிரைவர் இருக்கிறதா என்று விஏஇன்ஃபோ கட்டளையில் சரிபார்த்தால் 720பி நிம்மதியாக ஓடும். 1080பி-க்கு மேல் ஹெச்.264 கிடைக்காது, இந்தத் திரைக்கு அது தேவையும் இல்லை.

பிரின்டர் நெட்வொர்க்கில் ஏர்பிரின்ட் (டிரைவர் இல்லாமல் அச்சிடும் முறை) பேசினால் டிரைவரே வேண்டாம், லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் தானே கண்டுபிடிக்கும். பழைய விலை மலிவு லேசர்களில் பக்கத்தைப் படமாக்கும் வேலை கணினியின் பொறுப்பு, ஒவ்வொன்றும் தனி மொழி பேசும். கேனன் எல்பிபி 2900 பேசுவது கேப்ட் என்ற மொழி. புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் ஏர்பிரின்ட் என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

மிச்சம்

அடுத்தது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. மாட்டிய பிறகு 2 ஜிபி ஸ்வாப்ஃபைலைத் திரும்பப் போடலாம். ஜீரேமின் முன்னுரிமை 100 என்பதால் அது நிரம்பிய பிறகே டிஸ்குக்குப் போகும். எஸ்எஸ்டியில் காலியான இடங்களை அதற்குத் தெரிவிக்க வாரம் ஒருமுறை ஓடும் எஃப்எஸ்டிரிம் டைமர் முன்பே இயக்கத்தில் இருக்கிறது, தொட வேண்டாம். 48 எம்பி வரம்பு மட்டும் அப்படியே இருக்கட்டும். டிஸ்க் மாறினாலும் பென் டிரைவ் மாறப்போவதில்லை.