அப்பாவும் சைக்கிளும்

"ஐயா, சைக்கிள் ஓடுறனீங்களோ?"

முள்ளந்தண்டு நிபுணர் இன்று அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி. ஸ்கானைக்கூட இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை.

"ஓமோம். திருநெல்வேலிச் சந்தைக்கு நான்தானே போறனான்."

உண்மைதான். ஒழுங்கை முகப்புவரை நடக்க இரண்டு தரம் மதிலைப் பிடித்துக் குனிந்து நிற்கிற மனுசன், சைக்கிளில் ஏறினால் சந்தைக்குப் போய் மரவள்ளிக் கிழங்கோடு வந்து இறங்குவார்.

'நடக்கப் பஞ்சி' என்று அம்மா பேசினதுக்குக் கணக்கில்லை. சரி, நானும்தான்.

இடுப்பில் நரம்புகள் போகிற கால்வாய் ஒடுங்கிவிட்டதாம். நிமிர்ந்து நின்றால், நடந்தால் இன்னும் இறுகிக் கால் உளையும். ஹாண்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் விரியும். காலில் இரத்தக்குழாய் அடைப்பென்றால் சைக்கிள் மிதித்தாலும் உளையும். அதைப் பிரித்தறியத்தான் அந்தக் கேள்வி.

இதற்கு முன் ஏறி இறங்கிய இடங்களில் நோவுக்குக் குளிசைதான் கிடைத்தது. ஒருவரும் அவரை நடக்கவிட்டுப் பார்க்கவில்லை.

இப்போதைக்குச் சத்திரசிகிச்சை இல்லை. பிசியோதெரபி, அப்புறம் மூன்று மாதத்தில் திரும்ப வரவேண்டும். கால் திடீரென்று சோர்ந்தாலோ, சலம் போவது கட்டுப்பாட்டை விட்டுப் போனாலோ கிளினிக் நாள் பார்க்காமல் உடனே வரச் சொன்னார். அதை மட்டும் கொப்பியில் சிவப்பு மையால் எழுதிவிட்டார்.

வெளியே வந்து வாங்கில் குந்திய அப்பா, கொப்பியை என்னிடம் நீட்டினார்.

"கொம்மாவிட்டச் சொல்லு, பஞ்சியில்லையெண்டு."