சட்டைப் பையில் ஒரு கடிதம்

துவைக்கப் போட்ட சட்டையின் பையில் அம்மா எழுதித் தந்த மளிகைச் சீட்டு. கடைசி வரியில், "பாத்துப் போ".

சட்டென்று ஹாரி பர்ன் ஞாபகம் வந்தார்.

1920 ஆகஸ்ட் 18. அமெரிக்காவின் டென்னசி சட்டமன்றம். பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம். தள்ளிவைக்கும் முயற்சி 48-48 என்று நின்றுபோனது. அங்கே உறுப்பினரான ஹாரிக்கு 24 வயது, குடியரசுக் கட்சி. கோட்டில், திருத்தத்தை எதிர்ப்பவர்களின் அடையாளமான சிவப்பு ரோஜா.

பைக்குள் அம்மா ஃபெப் எழுதிய ஏழு பக்கக் கடிதம். ஊர்ச் சேதிகளுக்கு நடுவே, 'ஆதரித்து ஓட்டுப் போடு' என்று.

திருத்தத்துக்கான வாக்கெடுப்பில் பெயரைக் கூப்பிட்டதும் 'ஆம்' என்றார்.

திருத்தம் நிறைவேறியது. தெற்கின் கறுப்பினப் பெண்கள் பலர் ஓட்டுப் போட 1965 வரை காத்திருந்தார்கள், அது ஆறாத வலி.

அம்மா சொன்னதும் ஒரு காரணம் என்று அவைக்குறிப்பிலேயே பதிய வைத்தார் ஹாரி.

சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.