ரீஸ்டார்ட் பண்ணா வருது, ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணா வரல: எங்க கடை ரேகை மெஷின் அனுபவம்

திருச்சி பொன்மலை பக்கம் சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஆன்லைன் அப்ளிகேஷன் போடறது டிக்கெட் புக்கிங் அதோட பென்ஷன்காரங்களுக்கு லைஃப் சர்டிஃபிகேட், அதாவது உயிரோட இருக்காங்கன்னு வருஷா வருஷம் குடுக்கற சான்று, ரேகை மெஷின்ல விரல் வைக்க வச்சு போட்டுக் குடுக்கறதும் உண்டு. ஏரியா முழுக்க ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவங்கதான், அதனால நவம்பர் வந்துட்டா நான் ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடியே வாசல் படில நாலு பேர் உக்காந்திருப்பாங்க. 80 வயசு தாண்டினவங்களுக்கு அக்டோபர் 1லயே தொடங்கிரும். ஃபோன்ல முகத்தைக் காட்டி போடற வழியும் இருக்கு, ஆனா விரல் வச்சு பச்சை லைட் எரிஞ்சாதான் அவங்களுக்கு நம்பிக்கை.

போன நவம்பர் ரெண்டாவது வாரம்தான் பிரச்சனை ஆரம்பிச்சுது. காலைல கம்ப்யூட்டர் ஆன் பண்ணா கீழ வலது ஓரத்துல யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டுன்னு வந்து நிக்கும். ரேகை மெஷினைக் கழட்டி மாட்டினா டிங்னு சத்தம் வந்து சரியாயிரும், சரி தூசியா இருக்கும்னு விட்டுட்டேன். நாலு நாள் கழிச்சு அதுவும் வேலை செய்யல. அன்னைக்கு முதல் ஆளா வந்த தாத்தாவுக்கு 84 வயசு, மகன் வேலைக்குப் போற வழில பைக்ல இறக்கி விட்டுட்டுப் போயிட்டாரு, "பரவால்லம்மா, நீ பொறுமையா பாரு, நான் உக்காந்திருக்கேன்"னு சொல்லிட்டு ஒன்றரை மணி நேரம் அந்த பிளாஸ்டிக் சேர்லயே உக்காந்திருந்தாரு. அவரை அப்படி உக்கார வச்சது எனக்கு இன்னும் மனசுல உறுத்துது, இதை எழுதறதே அதனாலதான், வேற யாரும் இப்படி ஒருத்தரைக் காக்க வைக்கக் கூடாது.

முதல்ல எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். டிரைவரை, அதாவது மெஷினையும் விண்டோஸையும் பேச வைக்கற சாஃப்ட்வேரை, அன்இன்ஸ்டால் பண்ணி திரும்பப் போட்டேன், ஆதார்ல சரிபார்க்க ரேகையை எடுத்துக் குடுக்கற ஆர்டி சர்வீஸ்ங்கற சாஃப்ட்வேரை எடுத்துட்டு புதுசா போட்டேன், முன்பக்க போர்ட்ல இருந்து பின்பக்கம் மாத்தினேன். பின்பக்கம் மாத்தினது அன்னைக்கு வேலை செஞ்சுது, மறுநாள் காலைல பழைய குருடி கதவைத் திறடின்னு அதே மெசேஜ். சர்வீஸ் பண்ற அண்ணன்கிட்ட கேட்டா மெஷின் போச்சும்மா புதுசு வாங்கிருன்னாரு. ஆனா அதே மெஷினை பக்கத்துக் கடை லேப்டாப்ல போட்டா கையோட எடுத்துச்சு, அப்ப எப்படி போச்சுன்னு சொல்றது?

அப்புறம்தான் கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கற சாமானையெல்லாம் காட்டற டிவைஸ் மேனேஜரைத் திறந்து நிதானமா பார்த்தேன். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணா அது இருக்கும். அதுல கீழ யூனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்னு இருக்கறதுக்குள்ள மஞ்சள் முக்கோணத்தோட அன்னோன் யூஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டுன்னு இருந்துச்சு, பிராப்பர்ட்டீஸ்ல கோட் 43ன்னு பிழை நம்பர். இந்த டிஸ்கிரிப்டர்னா என்னன்னு தேடிப் படிச்சதுல பாதி விஷயம் புரிஞ்சுருச்சு. ஒரு யூஎஸ்பி சாமானை மாட்டின உடனே கம்ப்யூட்டர் அதுகிட்ட நீ யாருன்னு கேக்கும், அது நான் இந்தக் கம்பெனி இந்த மாடல் எனக்கு இவ்வளவு கரண்ட் வேணும்னு பதில் சொல்லணும், அந்தப் பதில் வந்தாதான் விண்டோஸ் அதுக்கு ஏத்த டிரைவரையே எடுக்கும். என் மெஷின் ஹார்டுவேர் ஐடில கம்பெனி நம்பர் 0000, மாடல் நம்பர் 0002ன்னு இருந்துச்சு, அது விண்டோஸ் தானா போட்டுக்கற நம்பர், அதாவது மெஷின் வாயே திறக்கல. பேரே சொல்லாதவனுக்கு எந்த டிரைவர் போட்டு என்ன ஆகப்போகுது, ரெண்டு நாள் டிரைவர் மாத்தி மாத்தி போட்டது வெட்டி வேலைதான்.

அடுத்து ஒண்ணு கவனிச்சேன், இதுதான் திருப்பம். மதியம் பிரிண்டர் மக்கர் பண்ணுதுன்னு ரீஸ்டார்ட் குடுத்தப்ப ரேகை மெஷின் ஒழுங்கா வந்துருச்சு. சந்தேகம் வந்து மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணேன், மூணு தடவையும் வந்துச்சு. ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணேன், வரல. ரீஸ்டார்ட்னா வருது ஷட்டவுன்னா வரலன்னா மெஷின்ல கோளாறு இல்ல, கம்ப்யூட்டர் அணைஞ்சு எழற விதத்துலதான் ஏதோ இருக்கு. இன்னொண்ணு, ராத்திரி ஷட்டவுன் பண்ணி லைட்டை அணைச்சா மவுஸுக்கு அடில சிவப்பு வெளிச்சம் எரிஞ்சுகிட்டே இருந்துச்சு. கம்ப்யூட்டர் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கறதால சுவிட்சை அணைக்கற பழக்கமே எங்களுக்கு இல்ல, அதனால ராத்திரி பூரா யூஎஸ்பி போர்ட்ல 5 வோல்ட் போய்க்கிட்டேதான் இருந்திருக்கு.

விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு. ஷட்டவுன் குடுத்தா எல்லாத்தையும் மூடாம விண்டோஸோட மையப் பகுதியான கெர்னலையும் டிரைவர் நிலைமையையும் டிஸ்க்ல எழுதி வச்சுட்டு படுத்துக்கும், காலைல அதையே எடுத்துப் போட்டு சீக்கிரம் எழுந்துக்கும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாத்தையும் துடைச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கும். நான் புரிஞ்சுகிட்டது என்னன்னா, மெஷினுக்கு கரண்ட்டும் நிக்கல கம்ப்யூட்டரும் புதுசா பேர் கேக்கல, ரெண்டும் நேத்து விட்ட இடத்துலயே முட்டிக்கிட்டு நிக்குது.

சோதிச்சுப் பார்க்க முதல்ல கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை 30 செகண்ட் அழுத்திப் பிடிச்சேன், மிச்சம் மீதி கரண்ட் வடியட்டும்னு. திரும்ப ஆன் பண்ணா உடனே வந்துருச்சு. அதுக்கப்புறம் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்யணும்ங்கற பக்கம் போய், மேல சாம்பல் கலர்ல பூட்டி இருக்கறதைத் திறக்கற லிங்க்கை அமுக்கி ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்தேன். அந்த டிக்கை எடுக்க யோசிக்கறவங்க ஷிஃப்ட் கீயை அழுத்திக்கிட்டே ஷட்டவுன் குடுத்துப் பாருங்க, அந்த ஒரு தடவை முழுசா அணையும், அதுலயே உங்க பிரச்சனை இதுதானான்னு தெரிஞ்சுரும். விண்டோஸ் எழறதுக்கு முன்னாடி வர்ற பயாஸ் செட்டிங்லயும், அணைச்சப்புறம் கரண்ட் போறதைக் குறைக்கற இஆர்பின்னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு, அதை எனேபிள் பண்ணதும் ராத்திரி மவுஸ் வெளிச்சமும் நின்னுருச்சு. பவர் ஆப்ஷன்லயே இருக்கற யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைச்சேன், இது ஸ்டார்ட் ஆகறதுக்கு சம்பந்தமில்ல, சும்மா இருக்கும்போது மெஷின் தூங்கிப் போகாம இருக்கத்தான்.

அஞ்சு நாள் நிம்மதியா போச்சு, ஆறாவது நாள் திரும்ப அதே கோட் 43. அழுகையே வந்துருச்சு. அப்ப கண்ணுல பட்டது எக்ஸ்டென்ஷன் ஒயர். வயசானவங்களுக்கு கவுண்டருக்கு மேல கை எட்டலன்னு அவங்க பக்கம் மெஷினை வைக்க 3 மீட்டர் ஒயர் வாங்கி மாட்டியிருந்தேன், மெஷினோட சொந்த ஒயரும் சேர்ந்தா 4 மீட்டரைத் தாண்டுது. யூஎஸ்பி 2.0க்கு 5 மீட்டர்தான் எல்லை, அதுவும் ஒயர் நல்லதா இருந்தா. நான் வாங்கினது பிளாட்ஃபார்ம் கடை ஒயர், உள்ள நூல் மாதிரி கம்பி, போர்ட்ல இருந்து கிளம்பற 5 வோல்ட் அந்தப் பக்கம் போறதுக்குள்ள இறங்கிரும். ஒயரை எடுத்துட்டு நேரா மாட்டினேன், வந்துச்சு. அதுக்காக தாத்தா பாட்டிங்களை எட்டி எட்டி விரல் வைக்கச் சொல்ல முடியாதே, அதனால ஒரு போர்ட்டைப் பல போர்ட்டா பிரிக்கற, தனி அடாப்டர் இருக்கற யூஎஸ்பி ஹப் ஒண்ணு நல்ல ஒயரோட வாங்கி அவங்க பக்கம் மேசைலயே ஒட்டி வச்சேன். மெஷினுக்கு வேண்டிய கரண்ட் இப்ப பக்கத்துலயே கிடைக்குது.

மிச்சம் இருந்தது ஒரு சின்ன விஷயம். மெஷினை கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சாலும் சில நாள் காலைல ஆர்டி சர்வீஸ் நாட் ரெடின்னு காட்டும், மெஷின் தயாராகறதுக்கு முன்னாடியே சர்வீஸ் ஓட ஆரம்பிச்சுருது. சர்வீசஸ் லிஸ்ட்ல அதை ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்னு மாத்திட்டேன், ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தாலும் ஒழுங்கா வருது.

ஜனவரில ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட் ஏறினப்ப ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக் தானா திரும்ப விழுந்திருந்துச்சு, மறுநாள் காலைல மெஷின் வரலன்னதும் நேரா அங்கதான் போய்ப் பார்த்தேன், டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் குடுத்து முடிக்கறதுக்குள்ள வாசல்ல இருந்த பாட்டி செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து விரலை முந்தானைல துடைச்சுக்கிட்டு உக்காந்தாங்க, மெஷின்ல பச்சை லைட் எரிஞ்சுது.