பக்கத்து வீட்டுக்காரியும் மூன்று கார்டும்

பிப்ரவரி 11

அமெரிக்காவில் கண்ட்ரி பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் ஊருக்கு வந்து ஆறு வருஷம், கிடார் வாங்கி ஆறு மாசம். வாத்தியார் இன்று வீட்டுப்பாடம் கொடுத்தார்: பக்கத்து வீட்டில் இருக்கும் கல்யாணமான பெண்ணை நினைத்து உருகுகிறவன் பாடும் பாட்டு. மூன்று நிமிஷத்துக்குள் முடியவேண்டும், அவளைத் தொடக்கூடாது, கடைசிவரை அவளுக்குத் தெரியவும் கூடாது. கண்ட்ரி பாட்டுக்கு மூன்று கார்டும் (கிடாரில் ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டு) உண்மையும் போதும் என்பது பாட்டெழுத்தாளர் ஹார்லன் ஹோவர்டின் பேச்சு, இந்த ஊரில் அதைச் சொல்லாத ஆள் இல்லை. ஜி, சி, டி வந்துவிட்டது. உண்மைக்கு எங்கே போவது?

பிப்ரவரி 14

எழுதிக் கொண்டுபோனேன். நிலா, ஜன்னல், கண்ணீர், எல்லாம் நம்ம சினிமா சரக்கு. படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார், "அவள் புருஷன் என்ன வண்டி வைத்திருக்கிறான்?" தெரியாது என்றேன். "அப்போ நீ ஏங்கவே இல்லை."

பிப்ரவரி 18

ரெண்டு நாளாகப் பழைய கள்ளக்காதல் பாட்டுகளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே அது தனி ஜாதி. வெப் பியர்ஸ் 1952-இல் 'பேக் ஸ்ட்ரீட் அஃபேர்' பாடி முதலிடம் பிடித்தார், அடுத்த வருஷமே கிட்டி வெல்ஸ் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பதில் பாட்டு பாடிவிட்டார். லீராய் வான் டைக்கின் 'வாக் ஆன் பை' 1961-62-இல் 19 வாரம் உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது. அதில் நடப்பது என்ன என்று பார்த்தால், தெருவில் பார்த்தால் கண்டுகொள்ளாமல் போய்விடு என்று ஒருத்தன் சொல்கிறான், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பெடல் ஸ்டீல், படுக்கவைத்து வாசிக்கும், காலால் மிதிக்கப் பெடல் வைத்த கிடார். 1954-இல் பியர்ஸின் 'ஸ்லோலி'யில் பட் ஐசக்ஸ் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்டீல் வாசிக்கிறவர்கள் எல்லாம் பெடலுக்கு மாறினார்கள். ஒரு தந்தி நின்ற இடத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்கும், காலால் மிதித்தால் பக்கத்துத் தந்தி மட்டும் மெல்ல மேலே ஏறி அதோடு போய்ச் சேரும். பாட்டில் அவன் செய்யமுடியாததை வாத்தியம் செய்துவிடுகிறது. பதினைந்து தடவையாவது கேட்டிருப்பேன்.

பிப்ரவரி 25

ரைமன் அரங்கத்துக்குப் போனேன். 1892-இல் பிரசங்கக் கூடமாகக் கட்டியது, 1943-லிருந்து 1974 வரை கிராண்ட் ஓலே ஆப்ரி என்ற கண்ட்ரி பாட்டு வானொலி நிகழ்ச்சி நடந்த இடம். நாற்காலி கிடையாது, இன்னமும் சர்ச் பெஞ்சுதான், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு சொல்லும். பிறன் மனைவியை இச்சிக்காதே என்பது பத்தாவது கட்டளை. அதைக் கேட்க உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்துதான் சனிக்கிழமை ராத்திரி ஜனம் இந்தப் பாட்டுகளுக்குக் கைதட்டியிருக்கிறது. எனக்கு இதில் முரண்பாடு ஒன்றும் தெரியவில்லை, பாவம் என்று நம்புகிறவனுக்குத்தானே ஏக்கம் இவ்வளவு வலிக்கும். நம்புகிறவன் என்றால் பாட்டில் வருகிறவன், நான் இல்லை.

மார்ச் 3

சரி, வண்டி சாம்பல் நிற பிக்கப். காலை ஆறேகாலுக்குக் கிளம்பிப் போகிறது. செவ்வாய் ராத்திரி அவள்தான் குப்பைத் தொட்டியை ரோட்டோரம் உருட்டிக்கொண்டு வருகிறாள், இடது சக்கரம் மட்டும் கிறீச்சிடும், தபால் பெட்டிக்கிட்டே வந்ததும் நின்று கை மாற்றிக்கொள்வாள். இதை அப்படியே இரண்டாவது சரணத்தில் வைத்தேன். பாட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டது.

ராத்திரி சமையலறையில் பாடிக் காட்டினேன். என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்: "அந்தச் சக்கரம் கிறீச்சிடுமா? எனக்கு ஒருநாளும் கேட்டதில்லையே."

இது பயிற்சிப் பாட்டு என்றேன். தோசை வந்தது, சட்னி வரவில்லை.

மார்ச் 6

சக்கரத்தை எடுத்துவிட்டு வாத்தியாரிடம் பாடினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "இங்கே ஏதோ ஒன்றை எடுத்துவிட்டாய். யார் கேட்டது, உன் பெண்டாட்டியா?"