வாசலைத் தாண்டாத பூனைக்கு வந்த கண்நோய்

"மூணாவது மாடி டாக்டர், வாசலைத் தாண்டினதே கிடையாது. இதுக்கு எங்கேயிருந்து தொத்துச்சு?" ஒரு கண்ணைப் பாதி மூடியபடி, இமையோரம் பூளை காய்ந்து ஒட்டியிருக்கும் பூனையைக் கூடையிலிருந்து எடுத்து மேசைமீது வைக்கும்போதே பெரும்பாலானவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். காத்திருப்போர் வரிசை நீண்டிருக்கும் மாலை நேரத்தில் இதற்கு முழுமையாகப் பதில் சொல்வது எளிதன்று. ஆனால் அதைச் சொல்லாமல் சொட்டு மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் சிகிச்சையில் பாதி நடக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் இந்த நோயில் கண் ஆறிவிடும், கிருமி போகாது. அதைப் புரிந்துகொள்ளாத வீட்டில் அந்தப் பூனை மறுபடியும் மறுபடியும் நோய்ப்படும், ஒவ்வொரு முறையும் புதிதாக யார்மீதாவது பழி விழும்.

பூனைகளின் தொற்றுக் கண்நோய்க்கு முதன்மைக் காரணம் பூனை ஹெர்பிஸ் வைரஸ். 1958இல் முதன்முறையாகப் பிரித்தெடுக்கப்பட்ட இந்த வைரஸ் மூக்கின் உட்சவ்விலும் இமையின் உட்சவ்விலும் கருவிழியின் மேற்படலத்திலும் பெருகுகிறது. தொற்றிய 2 முதல் 6 நாள்களுக்குள் தும்மல், மூக்கொழுகல், கண் சிவத்தல், பூளை எல்லாம் தொடங்கிவிடும். பெரும்பாலான பூனைகள் இரண்டு மூன்று வாரங்களில் தேறிவிடும். ஆனால் அதற்குள் வைரஸ் முகத்து உணர்நரம்பின் வழியே மேலேறி, மண்டையோட்டுக்குள் இருக்கும் நரம்பு முடிச்சில் போய் அடங்கிவிடுகிறது. இந்த இடத்தில் நான் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த அக்கியைத்தான் எடுத்துச் சொல்வேன். சிறுவயதில் சின்னம்மை வந்தவருக்கு அந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை, நரம்பில் தங்கியிருந்து வயதான காலத்தில் அக்கியாக வெளிப்படுகிறது. சின்னம்மை வைரஸும் பூனையின் இந்த வைரஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டின் குணமும் அதுதான். இதைக் கேட்டதும், வாசலைத் தாண்டாத பூனைக்கு நோய் வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமில்லை என்பது பலருக்கும் சட்டென்று புரிந்துவிடுகிறது. குட்டியாக இருந்தபோது தாயிடமிருந்து பெற்றதை அது இத்தனை ஆண்டும் சுமந்துகொண்டிருக்கிறது.

அடங்கியிருப்பதை எழுப்புவது எது என்பதுதான் அடுத்து வரும் கேள்வி. வீடு மாறுவது, ஊருக்குப் போகும்போது விடுதியில் விட்டுச் செல்வது, புதிதாக இன்னொரு பூனையைக் கொண்டுவருவது, குட்டி போட்டுப் பாலூட்டுவது, வேறு நோய்க்காக ஸ்டீராய்டு ஊசி போடுவது என்று பூனையின் உடலையோ மனத்தையோ அலைக்கழிக்கும் எதுவும் போதும். அலைக்கழிப்பு நடந்த அன்றே கண் சிவந்துவிடாது. 4 முதல் 11 நாள்கள் கழித்தே வைரஸ் மீண்டும் வெளியேறத் தொடங்குகிறது. அதன்பின் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை வெளியேறக்கூடும். இந்த இடைவெளியினால்தான் காரணமும் விளைவும் வீட்டுக்காரர்களின் மனத்தில் ஒன்றோடொன்று சேர்வதில்லை. தீபாவளி முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு கண்நோயோடு பூனைகள் வரத்தொடங்குவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பட்டாசுச் சத்தத்துக்கு அஞ்சிக் கட்டிலடியில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பூனை அது என்பது நாம் கேட்டால்தான் வெளிவரும். அதேபோல், குட்டி போட்ட தாய்ப்பூனை கண் தெளிவாக, ஆரோக்கியமாகவே தோன்றும். ஆனால் பாலூட்டும் வாரங்களில் அது வைரஸை வெளியேற்றுகிறது, குட்டிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அப்போது வீட்டார் குற்றம் சாட்டுவது சுவரேறி வந்து எட்டிப்பார்த்த தெருக்கடுவனைத்தான்.

மெட்ராஸ் ஐ பரவும் காலங்களில், "எங்களுக்கும் ஒட்டிக்குமா டாக்டரம்மா?" என்ற அச்சமும் கூடவே வருகிறது. பூனை ஹெர்பிஸ் வைரஸ் மனிதர்களையோ நாய்களையோ தொற்றுவதில்லை. நமக்கு வரும் மெட்ராஸ் ஐயும் இதுவும் வெவ்வேறு. ஆனால் பூனைக் கண்ணில் சிவப்பைக் கண்டதும் வைரஸ் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. கிளமிடியா என்ற பாக்டீரியாவும் ஏறக்குறைய இதே தோற்றத்தைத் தரும். அது பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கிச் சில நாள்களில் மறுகண்ணுக்குப் பரவும், இமைச்சவ்வு நீர்கோத்தாற்போல வீங்கும், தும்மல் அவ்வளவாக இருக்காது. அரிதாக அது மனிதர் கண்ணையும் தொற்றக்கூடும் என்பதால் கையைச் சோப்பிட்டுக் கழுவச் சொல்லாமல் யாரையும் நான் அனுப்புவதில்லை. நாக்கிலும் அண்ணத்திலும் புண் இருந்தால், பூனைகளுக்குச் சளியும் வாய்ப்புண்ணும் தரும் இன்னொரு வைரஸான கலிசியை நினைக்க வேண்டும். கருவிழியில் புண் இருந்தால் ஹெர்பிஸ் பக்கம் சாய வேண்டும். ஆய்வகப் பரிசோதனை உதவும் என்றாலும், நோயின்றி வைரஸை மட்டும் சுமக்கும் பூனைக்கும் அதில் பாசிட்டிவ் என்று வரக்கூடும். ஆகவே அந்தத் தாளைவிட மேசைமீது இருக்கும் கண்ணையே நான் அதிகம் நம்புகிறேன்.

கண்ணைப் பார்ப்பது என்றால் சாயம் போட்டுப் பார்ப்பதுதான். நுனியில் ஆரஞ்சுச் சாயம் தோய்ந்த ஃப்ளூரசின் காகிதப் பட்டையில் ஒரு சொட்டு சலைன் விட்டு, அந்த ஈரத்தைக் கீழிமையின் உட்புறத்தில் மெல்லத் தொட்டு எடுப்பேன். பூனை இரண்டு மூன்று முறை கண் சிமிட்டியதும் மிகுந்த சாயத்தைச் சலைனால் கழுவிவிட்டு, அறை விளக்கை அணைத்து நீல ஒளியைப் பாய்ச்ச வேண்டும். கருவிழியின் மேற்படலம் முழுமையாக இருந்தால் சாயம் ஒட்டாது, எங்கே தோல் உரிந்திருக்கிறதோ அங்கே பளிச்சென்று பச்சை ஒளிரும். ஹெர்பிஸ் புண்ணின் தொடக்க நிலையில் அந்தப் பச்சை, மண்ணிலிருந்து பிடுங்கிய செடியின் மெல்லிய வேர்போலக் கிளைவிட்டு ஓடும். அப்படிக் கிளைத்த கோடு தென்பட்டால் வேறு சான்று வேண்டியதில்லை. சில நிமிடங்களில் மூக்குத் துவாரத்திலும் பச்சை எட்டிப்பார்த்தால் கண்ணீர்க் குழாய் அடைபடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பழைய தொற்றால் குழாய் தழும்பேறி அடைத்துப்போன பூனைகளுக்குக் கண்ணோரம் எப்போதும் நீர் வழிந்துகொண்டே இருக்கும், அதை எந்தச் சொட்டு மருந்தும் நிறுத்தாது. மொத்தச் சோதனையும் சில நிமிட வேலை, செலவும் மிகக் குறைவு. இதைச் செய்யாமல் கண்ணுக்கு மருந்து எழுதுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் கண்சொட்டு மருந்து எப்போதும் இருக்கிறது. பாட்டிக்கோ தாத்தாவுக்கோ கண்புரை அறுவை நடந்திருக்கும், மீந்த குப்பி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கும். ஒரு குடும்பத்தார் அப்படி ஒரு குப்பியைத்தான் தங்கள் சாம்பல் நிறப் பெண்பூனைக்கு விட்டிருந்தார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தது. இரண்டு நாளில் சிவப்பு வாங்கியது, பூனை கண்ணைத் திறந்தது, எல்லோருக்கும் நிம்மதி. ஸ்டீராய்டு செய்வது அதுதான்: அழற்சியை அடக்கி நல்ல தோற்றத்தைக் கொடுத்துவிட்டு, வைரஸைத் தடுத்து நிறுத்தும் எதிர்ப்பாற்றலையும் சேர்த்தே அடக்கிவிடும். அடுத்த வாரம் அவர்கள் கொண்டுவந்தபோது கருவிழி பால்போல மங்கியிருந்தது. புண் மேற்படலத்தைக் கடந்து ஆழமாக இறங்கியிருந்தது. குப்பியைக் கையிலேயே எடுத்து வந்திருந்த அந்த வீட்டு அம்மாள், "நல்லதுன்னு நெனச்சுதானே விட்டோம்" என்று அழுதார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, மனிதக் கண்ணுக்கு அது உண்மையிலேயே நல்ல மருந்துதான். வாரக்கணக்கில் சிகிச்சை நீண்டது. கண் தப்பியது, நடுவில் ஒரு வெண்தழும்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இப்படி நாள்பட்ட புண், பெர்ஷியன் போன்ற தட்டைமுகப் பூனைகளில் கருவிழியின் ஒரு பகுதியைக் கறுத்த பொருக்காக மாற்றிவிடுவதும் உண்டு, அதை அறுவை செய்தே அகற்ற நேரும்.

வைரஸுக்கு எதிரான மருந்துகளில் நான் அதிகம் நம்புவது வாய்வழி தரும் ஃபாம்சைக்ளோவிரை. பூனையின் கல்லீரலால் இதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் திறன் குறைவு என்பதால், கிலோ எடைக்கு 90 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 2 முறை என்ற உயர்ந்த அளவு பரவலாகப் பின்பற்றப்படுகிறது. சிறுநீரகம் பழுதான பூனைக்கு அளவைக் குறைக்க வேண்டும். இதே வகையைச் சேர்ந்த வாலாசைக்ளோவிர் பூனைக்கு நஞ்சு. எலும்பு மஜ்ஜையையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சிதைத்து உயிரையே பறித்துவிடும். மருந்துக்கடையில் பெயர் ஒலிக்கும் விதத்தை வைத்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிடக்கூடாது என்பதற்காகவே சீட்டில் மருந்தின் பெயரைத் தெளிவான பெரிய எழுத்தில் எழுதி, மாற்று மருந்து வேண்டாம் என்றும் கீழே குறிப்பேன். கண்ணில் இடும் வைரஸ் எதிர்ப்புக் களிம்புகளும் உண்டு. ஆனால் அவை வைரஸைக் கொல்வதில்லை, பெருக்கத்தை மட்டுமே நிறுத்துகின்றன. ஆகவே நாளுக்கு நான்கைந்து முறை இட வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது நடக்காது என்று முதலிலேயே பேசித் தெளிந்துகொள்வது நல்லது. பாக்டீரியா சேர்ந்துகொண்டால் ஆன்டிபயாடிக் சொட்டும், கிளமிடியா என்று தோன்றினால் வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் 4 வாரம் டாக்சிசைக்ளினும் தருகிறோம். அந்த மாத்திரை தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண்ணாக்கிச் சுருக்கிவிடும் என்பதால், விழுங்கவைத்ததும் சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீர் புகட்ட வேண்டும்.

இந்த வைரஸை அடக்கும் என்று சொல்லப்படும் லைசின் என்ற அமினோ அமிலப் பொடியைப் பற்றியும் கேட்கிறார்கள். நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்டதுதான் அது. 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அதனால் பயனில்லை என்றும் கொடுப்பதை நிறுத்தலாம் என்றும் முடிவு கூறியது. நான் எழுதுவதில்லை.

மருந்தைவிடச் சாப்பாடு முக்கியமாகிவிடும் நாள்களும் உண்டு. மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாத உணவைப் பூனை தொடாது. மீன் வேகவைத்த நீரை வெதுவெதுப்பாக்கிச் சோற்றிலோ அதன் வழக்கமான உணவிலோ பிசைந்து வைத்தால் மணம் எழும்பி, ஓரிரு வாய் உண்ணத் தொடங்கும். உப்பு, மசாலா கூடாது. அதற்கு முன் மூக்கையும் கண்ணையும் வெந்நீர் ஆறிய இளஞ்சூட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும், ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. கொழுத்த பூனை சில நாள் முழுப்பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பேறி ஆபத்தாகிவிடும்.

குட்டிகளின் நிலைதான் மனத்தை மிகவும் வருத்துவது. பிறந்த குட்டிக்குக் கண் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தொற்று நுழைந்துவிட்டால் மூடிய இமைக்குப் பின்னால் சீழ் தேங்கி, கண்ணிருக்கும் இடம் புடைத்து நிற்கும். 'இன்னும் கண்ணே திறக்கலையே' என்று வீட்டார் காத்திருப்பார்கள். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உள்ளே கருவிழி கரைந்துகொண்டிருக்கும். ஈரப்பஞ்சால் இமையை ஊறவைத்து, மூக்கோரத்து மூலையிலிருந்து மெல்ல நகர்த்திப் பிரிக்கும்போது மஞ்சள் சீழ் வழிந்து விழும். கழுவி முடித்ததும் முதல்முறையாகத் தெரியும் கண் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்த நொடி எனக்கு இன்றும் பதற்றமானதுதான். தாமதமாகிவிட்டால் இமைச்சவ்வு கருவிழியோடு ஒட்டி வளர்ந்து, பார்வையை நிரந்தரமாக மறைத்துவிடுகிறது.

பல பூனைகள் வளர்க்கும் வீட்டாரிடம் நான் வற்புறுத்துவது வரிசையைத்தான். நலமான பூனைகளுக்கு முதலில் சோறு வைத்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியாகக் கவனிக்க வேண்டும், தனித் தட்டு, தனி மண்தொட்டி. தும்மல் துளிகள் ஒன்றரை மீட்டர் தூரம்வரை போகலாம், அதைவிட அதிகமாக நம் கைகளும் துணிகளுமே நோயைக் கடத்துகின்றன. ஹெர்பிஸ் வைரஸ் வெளியில் ஒரு நாள்கூடத் தாங்காது, சோப்புக்கே அழிந்துவிடும். கலிசி வைரஸோ வாரக்கணக்கில் கிடக்கும், அதற்கு ஒரு பங்கு பிளீச்சை 32 பங்கு நீரில் கலந்து துடைக்க வேண்டும். தடுப்பூசி என்றால் வெறிநோய் ஊசி மட்டுமே என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். ஹெர்பிஸ், கலிசி இரண்டையும் உள்ளடக்கிய முத்தடுப்பூசியை 8 வார வயதில் தொடங்கி 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் தாண்டும்வரை போட வேண்டும். அது தொற்றையோ வைரஸ் நரம்பில் தங்குவதையோ முழுமையாகத் தடுக்காது, நோயின் கடுமையைப் பெரிதும் குறைக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பின்னாளில் லேசாகக் கண் கலங்கும்போது ஊசியின்மேல் நம்பிக்கை இழக்கமாட்டார்கள்.

கருவிழி வெடித்துச் சுருங்கிப்போன கண்ணை என்ன செய்தும் மீட்க முடியாது. அதை அகற்றிவிடலாம் என்று சொல்லும்போது குட்டியை எடுத்து வந்தவர்கள் தயங்குகிறார்கள், அதற்கு வலிக்காதா, பிறகு எப்படி வாழும் என்று கேட்கிறார்கள். தினமும் வலிப்பது அந்தப் பழுதான கண்தான் என்று விளக்குகிறேன். மூன்று மாத வயதில் ஒரு கண் நீக்கிய தெருக்குட்டி ஒன்றைத் தத்தெடுத்த கல்லூரி மாணவி, தையல் பிரிக்க வந்த நாளில் தன் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினார். ஜன்னல் திரையில் ஓடிய பல்லியை அது ஒரே தாவலில் பிடித்திருந்தது. அன்றே அதற்கு இரண்டாவது தடுப்பூசியையும் போட்டு, அடுத்த ஊசிக்கான தேதியை அட்டையில் குறித்துக் கொடுத்தேன்.