பகல்ல எங்க வீடு

2020 கொரோனா ஊரடங்கை ஜூலை 12 வரைக்கும் மறுபடி நீட்டிச்சுட்டாங்க. மதுரையில ஜூன் 24ல ஆரம்பிச்ச முழு ஊரடங்கு இது, முதல்ல 30ந்தேதியோட முடியும்னாங்க, அப்புறம் ஜூலை 5ன்னாங்க, இப்போ 12. நியூஸ்ல சொன்னப்போ எங்க வீட்ல யாருமே எதுவும் பேசல. பெரியவன் மட்டும் "சரி"ன்னுட்டு போர்டை எடுத்துட்டு வந்து தங்கச்சி கூட தாயம் விளையாட உக்காந்துட்டான். மார்ச்ல இதே நியூஸைக் கேட்டப்போ நாங்க இப்படி இல்ல, அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருக்கேன்.

எங்களுக்கு வில்லாபுரம். மாடியில வாடகை வீடு, முன் ரூம் ஒண்ணு, உள் ரூம் ஒண்ணு, ஒரு சின்ன அடுப்படி. நான், எங்க வீட்டுக்காரர், எட்டாவது படிக்கிற பையன், மூணாவது படிக்கிற பொண்ணு, மாமா, அதாவது எங்க வீட்டுக்காரரோட அப்பா, ஆக அஞ்சு பேர். அத்தை தவறி 4 வருஷம் ஆச்சு. எங்க வீட்டுக்காரருக்கு பிரிண்டிங் பிரஸ்ல வேலை, பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. நான் வீட்லயே பிளவுஸ் தைக்கிறேன், அதுவும் பெரும்பாலும் கல்யாண ஆர்டர்தான். ரெண்டு பேருக்குமே முகூர்த்தத்தை நம்பித்தான் பொழப்பு, அந்த முகூர்த்தம் எல்லாம் சித்திரை வைகாசியில வரும், இந்த வருஷம் அந்த ரெண்டு மாசத்தையும் அப்படியே தூக்கிட்டுப் போயிருச்சு. மார்ச் 24 சாயங்காலமே இங்க 144 போட்டாங்க, ராத்திரி 8 மணிக்கு பிரதமர் டிவியில வந்து 21 நாள்னு சொன்னார், மறுநாளே தமிழ்நாட்டுல கொரோனாவுல முதல் ஆள் செத்துப்போனது எங்க மதுரையிலதான். அந்த பயம் இப்பவும் போகல. வாங்கி வச்ச அட்வான்ஸை திருப்பிக் குடுத்தேன், அவருக்கு ஏப்ரல்ல பாதி சம்பளம் வந்துச்சு, ரேஷன்ல குடுத்த 1000 ரூபாயும் அரிசி பருப்பும் உண்மையிலயே கை குடுத்துச்சு.

ஆனா நான் சொல்ல வந்தது காசைப் பத்தி இல்ல.

ஊரடங்குக்கு முன்னாடி, காலையில எட்டரைக்குள்ள பிள்ளைங்க ரெண்டும் ஸ்கூலுக்கு, அவர் ஒன்பதுக்கு பிரஸ்ஸுக்கு, மாமா விடிஞ்சதுல இருந்து டீக்கடை, அப்புறம் படிப்பகம், மத்தியானம் சாப்பிட்டுட்டு முன் ரூம்ல கொஞ்ச நேரம் தூங்கி எந்திரிச்சு மறுபடி டீக்கடை. அதனால பகல்ல பெரும்பாலும் இந்த வீடு எனக்கு மட்டும்தான். பதினோரு மணிக்கு மிஷின்ல உக்காருவேன், எஃப்எம் ஓடும், ஒண்ணரைக்கு தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு ஜன்னல் பக்கம் காலை நீட்டி உக்காந்து சாப்பிடுவேன். சில நாள் வெறும் ரசமும் அப்பளமும்தான், ஆனா யாருக்கும் பரிமாறாம, யாரும் தண்ணி கேக்காம சாப்பிடுற சாப்பாடு. கல்யாணமாகி வந்த 15 வருஷத்துல எனக்குன்னு இருந்த நேரம் அது ஒண்ணுதான். இதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல, சொல்றதுக்கு ஒரு விஷயமாவே எனக்குத் தெரியல.

ஏப்ரல் முதல் வாரத்துலேயே அது போச்சு. மூணு வேளையும் அஞ்சு பேருக்கு சமையல், நடுவுல நாலு தடவை டீ, காய் வாங்கணும்னா கடை மத்தியானம் ஒரு மணி வரைக்கும்தான், டிவியில சீரியல் எல்லாம் நின்னு பழசைப் போட்டாங்க, அதையும் சத்தமா வச்சு எல்லாரும் பாத்தாங்க. மிஷின் மேல துணி மூட்டை ஏறிருச்சு. மாமா காலையில நாலரைக்கே எந்திரிச்சு குளிச்சு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போற மாதிரியே கெளம்பி, மாடிப்படியில போய் உக்காந்துக்குவார். கீழ இறங்க மாட்டார். எட்டு மணி வரைக்கும் அப்படியே தெருவைப் பாத்துட்டு இருந்துட்டு உள்ள வந்து சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுவார். மில்லுல இருந்து ரிட்டையர்ட் ஆனதுல இருந்து அந்த டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு எல்லாமே, பேப்பர், அரசியல், கூட வேலை பாத்த ஆளுங்க எல்லாம் அங்கதான். எனக்கு அப்போ அது புரியல, காலங்காத்தால டீ போடச் சொல்றாரேன்னு எரிச்சலாத்தான் இருந்துச்சு.

ஒருநாள் மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், எல்லாருக்கும் போட்டு முடிச்சுட்டு என் தட்டை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். ஏப்ரல் வெயில், தரையில கால் வைக்க முடியல, தண்ணித் தொட்டி நிழல்ல ஒரு ஆள் உக்காரலாம், அங்க உக்காந்து சாப்பிட்டேன். சின்னவ தேடி வந்து பாத்துட்டு கீழ போய் "அம்மா மாடியில அழுவுறாங்க"ன்னு சொல்லியிருக்கா. நான் அழுதேனான்னு கூட எனக்கு ஞாபகம் இல்ல, வேர்வையா இருக்கலாம். எங்க வீட்டுக்காரர் ஓடி வந்தார், யார் என்ன சொன்னா, உடம்பு முடியலையான்னு கேட்டார். யாரும் ஒண்ணும் சொல்லல, பகல்ல இந்த வீட்ல நான் தனியா இருப்பேன்ல, அது இல்ல இப்போன்னு மட்டும் சொன்னேன். வேற எப்படி சொல்றதுன்னு எனக்கு வரல.

கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, "எனக்கும் பிரஸ்ல ஒண்ணரை மணிக்கு ஆறு பேரு டப்பாவை நடுவுல வச்சு சாப்பிடுவோம், அதுதான் தினமும் நெனப்பா இருக்கு"ன்னார். 15 வருஷமா அந்த டப்பாவைக் கட்டிக் குடுக்கிறவ நான், அதை யார் யார் சாப்பிடுவாங்கன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள்ல இருந்து ஒரு ஏற்பாடு. ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் உள் ரூம் எனக்கு, நடுக்கதவு சாத்திருக்கும். முன் ரூம்ல அவர், மாமா, பிள்ளைங்க, சாப்பிட்ட பாத்திரம் அவர் கழுவிருவார். முதல் நாலஞ்சு நாள் கதவை பத்து தடவை தட்டுனாங்க. அப்புறம் பழகிருச்சு. நான் மிஷினைத் தட்டிப் பாத்து எண்ணெய் விட்டு, மிச்சம் கெடந்த லைனிங் துணியில மாஸ்க் தைக்க ஆரம்பிச்சேன், எலாஸ்டிக் எங்கயும் கெடைக்கல, துணியிலயே நாடா தச்சு வச்சேன். தெருவுல நெறைய பேரு வாங்குனாங்க. பையன் வெட்டுவான், அவர் இஸ்திரி போட்டு மடிப்பு எடுத்துக் குடுப்பார், பத்திரிகை மடிச்ச கை இல்லையா, ஒரு மடிப்பு கோணாது.

மே 4ந்தேதி மீனாட்சி திருக்கல்யாணம். கூட்டம் இல்லாம கோயிலுக்குள்ள சில பட்டர்களை மட்டும் வச்சு நடத்தி நெட்ல காட்டுனாங்க. போனை அரிசி டப்பா மேல சாத்தி வச்சு அஞ்சு பேரும் பாத்தோம், அம்மனுக்கு தாலி ஏறுன நேரத்துல நானும் வீட்லயே புதுக் கயிறு மாத்திக்கிட்டேன். மாமா எந்திரிச்சு படிக்கட்டுக்குப் போயிட்டார். நான் பின்னாடியே போனேன். அத்தை வருஷா வருஷம் கயிறு மாத்திட்டு சேதுபதி ஸ்கூல்ல கல்யாண விருந்து சாப்பிட்டு மொய் எழுதிட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்களாம், அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு ராத்திரியே தல்லாகுளம் போய் செம்புல சர்க்கரை வச்சு சூடம் ஏத்திக்கிட்டு நிப்பாங்களாம். "இந்த வருஷம் அழகரே ஆத்துல எறங்கல தாயி"ன்னார். அவர் என்கிட்ட அவ்வளவு நேரம் பேசுனது அதுதான் முதல் தடவை. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, எனக்கு அந்த ரெண்டு மணி நேரம் எப்படியோ அப்படித்தான் அவருக்கு டீக்கடை, எனக்கு கதவைச் சாத்திக் குடுத்தாங்க, அவருக்கு நாங்க எதுவும் செய்யல.

மே 11ல பார்சல் மட்டும்னு டீக்கடை தொறந்தாங்க. தூக்குவாளியோட முதல் ஆளா மாமா போனார், பெஞ்சு எல்லாத்தையும் கவுத்து வச்சிருந்தாங்கன்னு வந்து சொன்னார். இப்போ ஜூன் 24ல இருந்து அதுவும் இல்ல. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், காலையில நீங்க மாமா கூட படியில போய் உக்காருங்கன்னு. அப்பாவும் மகனும் அப்படி உக்காந்து பேசி நான் பாத்ததில்ல. முதல் ரெண்டு நாள் பேசவும் இல்ல, பழைய பேப்பரை ஆளுக்கு ஒரு பக்கமா பிரிச்சு வச்சுக்கிட்டு இருந்தாங்க. இப்போ மில்லு கதை ஓடுது, சில நாள் உள்ள வரைக்கும் சத்தம் கேக்குது.

டீயையும் மாமாவே போட ஆரம்பிச்சுட்டார். இத்தனை வருஷமா டீ மாஸ்டரை எதிர்ல உக்காந்து பாத்தவர், டிகாஷனை தனியா எறக்கி, பாலை சுண்டக் காச்சி, நின்னு ஆத்தித்தான் குடுப்பார். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நாலு அடிச்சதும் நடுக்கதவுல ரெண்டு தட்டு கேக்கும், "தாயி, டீ"ன்னு. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், கடை டீ அப்படித்தான் இருக்கும்னு சொல்வார். நான் பாபினைக் கழட்டி வச்சுட்டு கதவைத் தொறப்பேன்.